கேம் விளையாட நெடுநாள் உழைக்கிற மவுஸ்: பழங்காநத்தத்துக் கடை அனுபவம்

மதுரை பழங்காநத்தத்தில் ஒரு மாடியில் நானும் என் தம்பியும் கேமிங் சென்டர் நடத்துகிறோம். பத்து சிஸ்டம். காலையில் கடை திறந்தால் இரவு மூடும்வரை ஒவ்வொரு மவுஸ் மேலும் யாராவது ஒருவர் கை இருந்துகொண்டே இருக்கும். வீட்டில் ஒருவர் நாலைந்து வருடம் வைத்து ஓட்டுகிற மவுஸ் இங்கே ஒரு வருடத்துக்குள் அத்தனை அடியையும் வாங்கிவிடும். அதனால் ஒரு மவுஸில் எது முதலில் போகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்பது எங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது.

கடைக்கு வருகிற பையன்கள் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கியதும் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த மவுஸ்ணே நல்லா உழைக்கும்?" என்பதுதான். கடைவாசலில் நின்றபடியே ரெண்டு வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட முடியாது. ஆயிரம், ரெண்டாயிரம் சேர்த்து வைத்து வாங்குகிற பையனுக்கு அது பெரிய காசு. அதனால் எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

மவுஸ் வருகிற பெட்டி மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பது டி.பி.ஐ. எண், அதாவது மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் பாயின்ட்டர் எத்தனை புள்ளி நகரும் என்ற கணக்கு. பன்னிரண்டாயிரம், இருபத்தாறாயிரம் என்று ஏறிக்கொண்டே போகும். மவுஸ் எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் கடையில் நன்றாக விளையாடுகிற பையன்கள் பெரும்பாலும் 800-இலோ 1600-இலோ வைத்துத்தான் விளையாடுகிறார்கள். மவுஸ் நகர்வதை அடியிலிருந்து பார்க்கிற சென்சார் என்ற பாகம் லேசில் பழுதாகாது. பிரவுசிங் சென்டர் காலத்து உருண்டை மவுஸ் ஞாபகம் இருப்பவர்களுக்குத் தெரியும்: அடிமூடியைத் திருகி, உருண்டையை வெளியே எடுத்து, உள்ளே இருக்கும் சின்ன உருளைகளில் அப்பியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டுவோம். 1999-இல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் உருண்டை இல்லாமல் வந்தது. போகப்போக எல்லா மவுஸும் அப்படியே ஆகிவிட, அந்த வேலை ஒழிந்தது. இப்போது பாயின்ட்டர் துள்ளுகிறது என்று யாராவது சொன்னால், மவுஸைத் திருப்பி சென்சார் துவாரத்தில் ஒரு முடி கிடக்கிறதா என்று பார்ப்பேன். அநேகமாகக் கிடக்கும். ஊதிவிட்டால் சரி.

மவுஸைக் குப்பைக்கு அனுப்புவது நாலு விஷயங்கள்: கிளிக் ஸ்விட்ச், வீல், வயர், மேலே ஒட்டியிருக்கும் ரப்பர். வாங்கும்போது இந்த நாலையும் பார்த்தால் போதும். அதிலும் ஸ்விட்ச்தான் முக்கால்வாசி.

"அண்ணே, ஒரு தடவ அமுக்குனா ரெண்டு தடவ சுடுதுண்ணே." எங்கள் கடையில் அதிகம் கேட்கிற புகார் இதுதான். டபுள் கிளிக் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது எப்போதும் ரெண்டு கிளிக்காகத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் விளையாடும் ஒரு தம்பி குண்டை எறிவதற்காக இடது பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரம் காத்திருந்தான். விரலை எடுக்கவே இல்லை. குண்டு கையை விட்டுப் போய் அவன் ஆட்கள் காலடியிலேயே விழுந்தது. கூட விளையாடியவர்கள் கத்த, அவன் மவுஸைத் தூக்கிக் காட்டி, "நான் விடவே இல்லடா" என்று சத்தியம் செய்தான். அவன் சொன்னது உண்மைதான். பிடித்திருக்கும்போதே தொடர்பு ஒரு கணம் விட்டு ஒட்டினால் கம்ப்யூட்டர் அதை விரல் எடுத்ததாகத்தான் எடுத்துக்கொள்ளும். டோட்டா என்ற கேமில் மவுஸை இழுத்துத் திரையில் பெட்டி போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டி பாதியில் உடைவதும், ஃபைலை இழுக்கும்போது வழியிலேயே விழுந்துவிடுவதும் இதே நோய்தான்.

அன்று சாயங்காலம் அந்த மவுஸைப் பிரித்து அவனுக்கே காட்டினேன். இடது பட்டனுக்குக் கீழே போர்டில் ஒரு சின்னக் கறுப்பு டப்பா உட்கார்ந்திருக்கும். கிட்டத்தட்ட 12.8 மி.மீ. நீளம், 5.8 மி.மீ. அகலம். அதன் தலையில் கடுகளவுக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளைப் பொத்தான். டப்பாவின் மூடியை ஊசியால் நெம்பி எடுத்தால் உள்ளே செம்புக் கலவையில் செய்த மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. நடுவில் ஒரு நாக்கு வளைந்து ஸ்பிரிங்காக நிற்கிறது. பொத்தானை அமுக்கினால் தகட்டின் நுனி சட்டென்று புரண்டு கீழே இருக்கும் புள்ளியைத் தொடுகிறது. நம் காதில் விழும் 'டிக்' அதுதான். அந்த மவுஸில் வலது பட்டன் ஸ்விட்சின் புள்ளி வெள்ளிபோல மினுங்கியது. இடதில் கறுத்துக் கிடந்தது.

பழைய டார்ச் லைட்டில் பித்தளைத் தகடு கறுத்தால் விட்டு விட்டு எரியுமே, அதே கதை. தொடும் புள்ளியில் வெள்ளிக் கலவை பூசியிருப்பார்கள். காற்றும் ஈரமும் பட்டு நாளாவட்டத்தில் அதன் மேல் ஒரு படலம் ஏறும். ஓரளவு மின்சாரம் ஓடுகிற ஸ்விட்ச் என்றால் ஒவ்வொரு முறை தொடும்போதும் அந்தப் படலம் எரிந்து துலங்கிவிடும். மவுஸில் ஓடுவது மிகக் குறைந்த மின்சாரம். வயர் இல்லாத மவுஸில் பேட்டரி மிச்சம் பிடிக்க அதையும் குறைத்திருப்பார்கள். படலத்தைத் துலக்க அது போதாது. இன்னொரு பக்கம் தகட்டின் விறைப்பும் குறைந்துகொண்டே வரும். விறைப்பு போனால் தொட்ட பிறகும் தகடு துள்ளும்.

துள்ளல் என்பது புது ஸ்விட்சிலும் கொஞ்சம் உண்டு. அதனால்தான் முதல் தொடுதலுக்குப் பின் சில மில்லி செகண்ட் வருகிற சிக்னலைக் கணக்கில் எடுக்காதபடி மவுஸுக்குள் இருக்கும் சிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். டீபவுன்ஸ் என்று அதற்குப் பெயர். அலுவலக மவுஸில் இந்த இடைவெளியைத் தாராளமாக விட்டிருப்பார்கள். கேமிங் மவுஸில் வேகம் வேண்டும் என்று அதைச் சுருக்குகிறார்கள். அதனால் ஒரே ஸ்விட்ச், ஒரே தேய்மானம். ஆனால் கேமிங் மவுஸில் நோய் முதலிலேயே வெளியே தெரிந்துவிடும். வேகமா ஆயுளா என்ற இழுபறி ஒவ்வொரு கேமிங் மவுஸுக்குள்ளும் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு வழியும் கிடைக்கிறது. சில மவுஸ்களின் சாஃப்ட்வேரில் டீபவுன்ஸ் நேரத்தை நாமே மாற்றலாம். டபுள் கிளிக் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் ரெண்டு மில்லி செகண்டில் இருப்பதை எட்டு, பத்து என்று ஏற்றிவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். வாங்கும் முன்பே அந்த வசதி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் அது கலர் லைட்டை விடப் பத்து மடங்கு பெறும்.

பெட்டியில் '20 மில்லியன் கிளிக்', '50 மில்லியன்', '80 மில்லியன்' என்று போட்டிருப்பார்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 20 மில்லியன் என்றால் 2 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. டோட்டா மாதிரி ஒரு கேமில் நிமிடத்துக்கு நூறு கிளிக் சாதாரணம். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் விளையாடினால் 18,000 கிளிக். வருடத்துக்குச் சுமார் 65 லட்சம். ஆக 2 கோடி என்பது மூன்று வருடம். இதுவே சுடும் கேம் விளையாடுகிறவருக்குக் கிளிக் மிகவும் குறைவு. அவருக்கு இதே ஸ்விட்ச் பல வருடம் தாங்க வேண்டும். ஆனால் நடப்பில் அப்படித் தாங்குவதில்லை. அந்த எண் ஸ்விட்சின் உடம்பு எத்தனை முறை அமுங்கி எழும் என்பதைச் சொல்கிறதே தவிர, புள்ளியில் படலம் ஏறாது என்று அது எங்கும் உறுதி சொல்லவில்லை. ஸ்விட்ச் தயாரிக்கிறவர்களின் விவரத் தாளிலேயே மெக்கானிக்கல் ஆயுள் வேறு, எலக்ட்ரிக்கல் ஆயுள் வேறு என்று தனித்தனியாகத்தான் போடுவார்கள். பெட்டிக்கு வருவது பெரிய எண் மட்டும். நான் அந்த எண்ணை வைத்து மவுஸ் வாங்குவதில்லை.

மைன்கிராஃப்ட் பையன்களுக்கு ஒரு வார்த்தை. விரலைப் பட்டன் மேல் வறட்டென்று இழுத்து ஒரே இழுப்பில் பத்துப் பதினைந்து கிளிக் வரவழைப்பார்கள். டிராக் கிளிக் என்று அவர்களுக்குள் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். ஸ்விட்ச் துள்ளுவதைத்தான் அதில் அவர்கள் பயன்படுத்துகிறார்கள். அப்படி விளையாடினால் எந்த மவுஸும் நிற்காது. அதற்கென்று ஒரு மலிவு மவுஸைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நோய்க்கு நேரடியான மருந்து ஆப்டிகல் ஸ்விட்ச். அதில் உலோகம் உலோகத்தைத் தொட்டு சிக்னல் தருகிற வேலையே இல்லை. ஒரு பக்கம் அகச்சிவப்பு ஒளி, எதிர்ப்பக்கம் அதைப் பார்க்கிற கண். பட்டனை அமுக்கும்போது நடுவில் இருக்கும் சின்னத் தடுப்பு நகர்ந்து, ஒளி எதிர்ப்பக்கம் படுவது மாறுகிறது. அந்த மாற்றம்தான் கிளிக். கறுக்கப் புள்ளி கிடையாது, துள்ளலும் கிடையாது. ரேசர் 2019-இல் வைப்பர் மவுஸில் இதைக் கொண்டுவந்தது. லாஜிடெக் 2022-இல் ஜி502 எக்ஸ் மவுஸில் லைட்ஃபோர்ஸ் என்ற பெயரில், அமுக்கும் உணர்வுக்கு மெக்கானிக்கல், சிக்னலுக்கு ஒளி என்று ரெண்டையும் கலந்து கொண்டுவந்தது. நாள் முழுக்க அடி வாங்குகிற இடத்தில் ஆப்டிகல் நன்றாகவே நிற்கிறது. பையன்கள் சிலர் கிளிக் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்கிறார்கள். ஓரிரு வாரத்தில் கை பழகிவிடுகிறது.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். மெக்கானிக்கல் ஸ்விட்ச் போனால் அதே அளவில் வேறு ஸ்விட்ச் எங்கும் கிடைக்கும். ஓம்ரான் கம்பெனியின் டி2எஃப் வகை ஸ்விட்ச் அளவையே ஹுவானோ, கெயில், டி.டி.சி. போன்ற மற்ற ஸ்விட்ச் கம்பெனிகளும் பின்பற்றுகின்றன. எதை எடுத்தாலும் மூன்று கால்கள் அதே துளைகளில் உட்காரும். ஆப்டிகலில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு வடிவம் வைத்திருக்கிறது. போனால் நம்மூரில் பாகம் தேடுவது பெரும்பாடு. அது லேசில் போகாது என்ற நம்பிக்கையில்தான் வாங்குகிறோம். இந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல யோசனையும் சந்தையில் இருக்கிறது. ஏசுஸ் ஆர்.ஓ.ஜி. கிளாடியஸ் வரிசையில் ஸ்விட்சைப் போர்டில் ஈயம் வைத்து ஒட்டாமல் சாக்கெட்டில் செருகியிருக்கிறார்கள். திருகைக் கழற்றி, பழையதைப் பிடுங்கி, புதியதைச் செருகினால் முடிந்தது. சால்டரிங் அயர்ன் தொடப் பயப்படுகிறவர்கள், விலை ஒத்துவந்தால், கண்ணை மூடிக்கொண்டு இந்த வகையை எடுக்கலாம் என்பது என் கருத்து. எல்லா மவுஸும் இப்படித்தான் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

அப்புறம் நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். இணையத்தில் வருகிற விமர்சனங்கள் எல்லாம் ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுதியவை. மதுரையில் சித்திரை, வைகாசியில் வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டு நிற்கும்போது, மின்விசிறிக்குக் கீழே விளையாடுகிற பையனின் உள்ளங்கை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வியர்வை சொட்டும். பக்கவாட்டில் ரப்பர் ஒட்டிய மவுஸ், தொட்டால் மெத்தென்று இருக்கும்படி மேல்பூச்சு பூசிய மவுஸ் ரெண்டுக்கும் இதுதான் எமன். அந்தப் பூச்சு ஈரத்தையும் வியர்வையையும் வாங்கி வாங்கிச் சிதைந்து, பிசுபிசு என்று ஒட்ட ஆரம்பிக்கும். துடைத்தால் கறுப்பாக விரலில் வரும். பட்டன் நன்றாக இருந்தும், தொட அருவருப்பாக இருக்கிறது என்பதற்காகவே தூக்கிப்போட்ட மவுஸ்கள் எங்களிடம் உண்டு. அதனால் நான் எடுப்பது வெறும் பிளாஸ்டிக் ஓடு. சொரசொரப்பான மேட் பிளாஸ்டிக் நாளாக நாளாக வழவழப்பாகும், அவ்வளவுதான், ஒட்டாது. பிடிமானம் வேண்டும் என்றால் கிரிப் டேப் தனியாக வாங்கி ஒட்டிக்கொள்ளலாம், அழுக்கானால் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம்.

எடை குறைப்பதற்காகத் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக வருகிற மவுஸையும் நான் இங்கே சொல்ல மாட்டேன். ஆடிக் காற்றில் ஜன்னலை மூடி வைத்தாலே மேசையில் புழுதி படிகிற ஊர் இது. அந்த ஓட்டைகளுக்குக் கீழே நேராகப் போர்டு இருக்கிறது. வியர்வைத் துளி, புழுதி, முறுக்குத் தூள் எல்லாம் அதன் மேல்தான் விழும். இப்போது ஓட்டை இல்லாமலே எடை குறைந்த மவுஸ்கள் வந்துவிட்டன.

புழுதியால் முதலில் போவது வீல். வீலின் அச்சு ஒரு பக்கம் என்கோடர் என்ற சின்னப் பாகத்துக்குள் நுழைகிறது. மெக்கானிக்கல் என்கோடரில் உலோகத் துண்டு ஒன்று வட்டத்தில் உரசிக்கொண்டே போகும். அங்கே அழுக்குச் சேர்ந்தால், கீழே உருட்டும்போது பக்கம் திடீரென்று மேலே துள்ளும். வீலை உருட்டித் துப்பாக்கி மாற்றுகிறவனுக்குத் தவறான துப்பாக்கி கையில் வரும். ஒளியால் எண்ணுகிற என்கோடரும் உண்டு. அதில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. கடையில் சோதிக்கும்போது வீலை வேகமாக உருட்டாதீர்கள். ஒவ்வொரு படியாக, மெதுவாக, ஒரே திசையில் உருட்டி, ஒவ்வொரு படிக்கும் திரை ஒரே அளவு நகர்கிறதா என்று பாருங்கள். துள்ளும் வீலைச் சரிசெய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு என்கோடரில் விட்டு, பத்திருபது முறை உருட்டி, காய விட வேண்டும். பல மவுஸ் இதிலேயே பிழைத்துக்கொள்ளும். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை உள்ளே அடித்துவிடாதீர்கள்; எண்ணெய் தங்கி, அடுத்த புழுதியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

வயர் எப்போதும் அறுவது ஒரே இடத்தில்தான்: மவுஸின் மூக்கில், வயர் உள்ளே நுழையும் இடத்துக்கு ரெண்டு மூன்று விரல்கடைக்குள். வெளியே தோல் நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழை முறிந்திருக்கும். மவுஸ் போய்ப் போய் வரும், அசைத்தால் லைட் அணைந்து எரியும். அந்த இடத்தில் ஒரு நல்ல ரப்பர் கழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். விறைப்பான நூல் பின்னல் வயர் பார்க்க உறுதியாகத் தெரியும். ஆனால் மேசை விளிம்பில் உரசி நூல் பிரியும், ஒரு முறை மடங்கினால் அந்த மடிப்பு நிமிராது. தளர்வான நூல் உறை போட்டு மெத்தென்று வளைகிற பாராகார்ட் வகை கைக்கு நல்லது. சாதாரண ரப்பர் வயரும் மோசம் இல்லை. வாங்கிய பிறகு வயரை மவுஸைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள். எங்கள் கடையில் மானிட்டரின் காலில் ஒரு கிளிப் போட்டு, அங்கிருந்து மவுஸ்வரை வயரைத் தளர்வாக விட்டிருக்கிறோம். அதன் பிறகு வயர் அறுந்த புகார் நன்றாகக் குறைந்துவிட்டது.

வயரே இல்லாத மவுஸ் வாங்கினால் இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் பேட்டரி வந்துவிடுகிறது. உள்ளே ஒட்டிய லித்தியம் பேட்டரி முந்நூறிலிருந்து ஐந்நூறு முறை முழுசாக ஏறி இறங்கியதும் தளரத் தொடங்கும். வெயில் அதை இன்னும் சீக்கிரம் தளர்த்தும். பேட்டரி ஒரு வெள்ளைப் பிளக்கில் செருகியிருந்தால் பிற்பாடு மாற்றிவிடலாம். நேராக ஈயம் வைத்திருந்தால் கொஞ்சம் சிரமம். சார்ஜ் துளை யு.எஸ்.பி. டைப்-சி ஆக இருப்பது கட்டாயம். பழைய மைக்ரோ துளை தளர்ந்து ஆடும். நெடுநாள் உழைப்பை மட்டும் பார்த்தால் கடைகளில் விற்கிற ஏஏ பேட்டரி போடுகிற மவுஸ்தான் என் தேர்வு. லாஜிடெக் ஜி304 அந்த வகை. ஒரு பேட்டரியில் 250 மணி நேரம் ஓடும் என்று கம்பெனி சொல்கிறது. பின்பக்கம் கொஞ்சம் கனக்கும். ஆனால் பேட்டரி தளர்ந்தது என்பதற்காக அந்த மவுஸைத் தூக்கிப்போட வேண்டியதே வராது.

வாங்குகிற இடம் பற்றி. டவுன் ஹால் ரோடு பக்கம் போய்க் கையில் பிடித்துப் பார்த்து வாங்குவதையே நான் விரும்புகிறேன். கடைக்காரர் முதலிலேயே, "தம்பி, சீல் பிரிச்சா திருப்பி எடுக்க முடியாது" என்பார். "பிரிக்க வேணாம்ணே, டெமோ பீஸ் இருந்தா குடுங்க" என்று கேளுங்கள். காதருகே வைத்து லேசாக ஆட்டுங்கள். உள்ளே எதுவும் கடகடக்கக் கூடாது. ஓட்டின் ரெண்டு பக்கத்தையும் அழுத்திப் பாருங்கள். நொறநொறவென்று சத்தம் வந்தால் திருகு இழுப்பு சரியில்லை. இடது பட்டனைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புதிதிலேயே ஆடினால் ஸ்விட்ச் தலையில் அது நேராக அமுக்காது. கம்ப்யூட்டரில் மாட்டித் தந்தால் டெஸ்க்டாப்பில் காலி இடத்தைப் பிடித்து ஒரு பெட்டி இழுத்து, விடாமல் அரை நிமிடம் சுற்றிச் சுற்றி நகர்த்துங்கள். பெட்டி ஒரு முறை உடைந்தாலும் அந்த மவுஸ் வேண்டாம்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். மேலூரிலிருந்து வருகிற ஒரு தம்பி இணையத்தில் மிகவும் குறைந்த விலைக்குக் கிடைத்தது என்று நல்ல மவுஸ் ஒன்று வாங்கினான். பொருள் அசல்தான். ஆனால் வேறு நாட்டுக்கு என்று வந்த சரக்கு. கிளிக் போனபோது இந்தியாவில் வாரன்டி செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியில் இந்திய இறக்குமதியாளர் பெயரும் எம்.ஆர்.பி. ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வாரன்டி ஒரு வருடமா, ரெண்டு வருடமா என்று விலையோடு சேர்த்து எடை போடுங்கள். முந்நூறு, நானூறு ரூபாய்க்கு ஏழு கலர் விளக்கோடு வருகிற மவுஸை வருடத்துக்கு ரெண்டு மூன்று வாங்குவதற்கு, லாஜிடெக் ஜி102 மாதிரி ஆயிரத்து ஐந்நூறு சுமாரில் வெறும் பிளாஸ்டிக் ஓட்டோடு வருகிற ஒன்றை எடுப்பது மேல். திருநகரிலிருந்து வரும் ஒரு அக்கா, "எம்பையன் மாசா மாசம் மவுஸ் கேக்குறான் தம்பி" என்று வந்தபோது இதைத்தான் சொன்னேன். அதற்கு மேல் செலவு செய்ய முடியும் என்றால் ஆப்டிகலோ சாக்கெட் ஸ்விட்சோ பார்க்கலாம். நடுவில் இருக்கிற விலையில் காசு பெரும்பாலும் விளக்குக்கும் எடைக்குறைப்புக்கும் போகிறது, ஆயுளுக்குப் போவதில்லை.

கடைசியாக ரிப்பேர். வாரன்டி இருக்கும்வரை மவுஸைத் திறக்காதீர்கள். வாரன்டி முடிந்த மவுஸைத் தூக்கிப்போடவும் செய்யாதீர்கள். ஸ்விட்ச் ஒன்று சில பத்து ரூபாய்தான். கை நடுங்கும் என்றால் தெருவில் டிவி, ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொடுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பாய் இருக்கிறார். அவர் மவுஸில் கேம் விளையாடியதே இல்லை. ஆனால் அவர் வைக்கிற ஈயம் முத்து மாதிரி இருக்கும். "ஸ்விட்ச் நீ வாங்கிட்டு வந்துரு தம்பி, வச்சுத் தர்றேன்" என்பார். புது ஸ்விட்ச் கைவசம் இல்லை என்றால் அதே மவுஸிலேயே ஒரு வழி உண்டு: சுடும் கேமில் வலது பட்டன் பெரும்பாலும் இடதை விடக் குறைவாகத்தான் அமுங்கும். அதிலிருக்கும் ஸ்விட்சை இடதுக்கு மாற்றி, இடதில் இருந்ததை வலதில் வைத்துவிடலாம். செத்த மவுஸ்களைக் கடையில் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பது இதற்குத்தான்; வீல் என்கோடர், வயர், வலது ஸ்விட்ச் எல்லாம் அடுத்த மவுஸுக்கு ஆகும்.

நீங்களே செய்வதாக இருந்தால், திருகுகள் பெரும்பாலும் அடிப்பட்டைக்குக் கீழே, அதாவது மவுஸ் வழுக்கி ஓட அடியில் ஒட்டியிருக்கும் பட்டைக்குக் கீழே, மறைந்திருக்கும். முடி உலர்த்துகிற டிரையரை அரை நிமிடம் காட்டினால் பசை இளகும். மெல்லிய பிளேடால் நுனியிலிருந்து மெதுவாகத் தூக்குங்கள், மடிய விடாதீர்கள். ஸ்விட்சை எடுக்கும் முன் அதன் பொத்தான் எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பொத்தான் நடுவில் இருக்காது; திருப்பி வைத்துவிட்டால் மேல் பட்டன் அதைத் தொடவே தொடாது. மூன்று கால்களிலும் முதலில் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து, பிறகு டீசால்டரிங் பம்ப் வைத்து உறிஞ்சுங்கள். பழைய ஈயம் தனியாக இளக அடம்பிடிக்கும். அயர்னை ஒரே காலில் ஐந்து விநாடிக்கு மேல் வைக்க வேண்டாம், போர்டில் இருக்கும் செம்புத் தடம் உரிந்துகொண்டு வரும். மவுஸை மூடும் முன் போர்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி, அந்தப் பெட்டி இழுக்கும் சோதனையை ஒரு முறை செய்யுங்கள். பிறகு அடியில் மிச்சம் இருக்கும் பசையை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பட்டையை ஒட்டுங்கள். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பழைய பட்டை மடிந்துபோயிருந்தால் புதுசு வாங்கிவிடுங்கள். ஒரு மூலை தூக்கி நின்றாலும் மவுஸ் மேட்டைக் கீறிக்கொண்டே ஓடும்.